காலண்டரில் அச்சிடாத கெட்ட நேரம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும். அதன் பிறகு நாரணாபுரம் பக்கத்து அச்சாபீஸ்களில் இயந்திரங்களுக்கு ஓய்வே கிடையாது. நாளுக்கு ஒரு தாள். தாளுக்குத் தாள் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. ஞாயிற்றுக்கிழமைத் தாளில் ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை என்றிருக்கும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கோ ஏழு நாளும் கெட்ட நேரம் அதுதான்.

பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். பயராபீஸ் என்னும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போன அம்மாக்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். வீட்டில் பெரிய ஆள் இல்லாத அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் வேப்பமரக் கிளையிலிருந்தோ, கைப்பிடிச் சுவர் எழுப்பாத மொட்டைமாடியிலிருந்தோ, அண்ணன் மிதிக்கும் சைக்கிளின் கேரியரிலிருந்தோ ஒரு பிள்ளை விழும். கையை ஊன்றித்தான் விழும். "சுளுக்காத்தான் இருக்கும், நீவி விட்டாச் சரியாப்போகும்" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார். அம்மா வந்து பார்க்கும்போது முழங்கை வீங்கிப் பந்தாகியிருக்கும்.

சேட்டைக்காரப் பயல், கண்ணு பட்டிருச்சு, நேரம் சரியில்லை என்று காரணங்கள் அடுக்கப்படும். கடைசியில், "பிள்ளையைப் பார்த்துக்க முடியலையா?" என்ற கேள்வி அம்மாவிடம் வந்து நிற்கும். இவற்றில் எதையும் ஏற்பதற்கில்லை. குழந்தைகளின் எலும்பு முறிவுக்கு வயது உண்டு, மணி உண்டு, இடம் உண்டு. இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்த ஒன்றை விதியின் கணக்கில் எழுதுவது, செய்ய வேண்டியதைச் செய்யாதவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

பச்சை விளார்

பெரியவர்களின் எலும்பு முருங்கைக் கொம்பு போல. முறிந்தால் படக்கென்று இரண்டாகும். பிள்ளைகளின் எலும்பு பச்சைப் புளிய விளார். வளைத்தால் ஒரு பக்கம் நார் தெறித்து விரியும்; மறுபக்கம் வளைந்து அப்படியே நிற்கும். எலும்பு மருத்துவர்கள் இதைப் பச்சைக்கொம்பு முறிவு என்றே சொல்கிறார்கள். சில நேரம் எலும்பு பிளக்காது. தகர டப்பா அமுங்கியதுபோல ஓர் இடத்தில் புடைத்துக்கொள்ளும். இது மணிக்கட்டுக்குச் சற்று மேலே அதிகம் வரும். வலி கொஞ்சமாக இருக்கும், கை கோணவும் செய்யாது. சுளுக்கு என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

பெரியவர்களிடம் இல்லாத இன்னொன்றும் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒவ்வொரு நீண்ட எலும்பின் முனைக்கு அருகிலும் குருத்தெலும்பால் ஆன மெல்லிய வளர்தட்டு இருக்கும். உயரம் கூடுவது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அது கெட்டி எலும்பாகி மூடிக்கொள்ளும். அதுவரை மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரைவிட அந்தத் தட்டு பலவீனமானது. பெரியவருக்கு நார் பிசகும் அதே திருகலில் பிள்ளைக்கு வளர்தட்டு பிளந்துபோகலாம். கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள் ராபர்ட் சால்டரும் ராபர்ட் ஹாரிஸும் 1963இல் இந்தத் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் உலகெங்கும் அந்த வகைப்பாடுதான் புழக்கத்தில் இருக்கிறது. சில வகைகள் தடயமே இல்லாமல் ஆறிவிடும். சில வகைகளில் அன்றைக்கு எக்ஸ்ரே படத்தில்கூட ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழித்து ஒரு கால் குட்டையாவதோ, ஒரு மணிக்கட்டு சாய்வதோ கண்ணில் படும்போதுதான் விஷயம் விளங்கும். 'பிள்ளைக்குச் சுளுக்கு' என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியது இதனால்தான்.

வயதுக்கு ஓர் இடம்

நடை பழகும் ஒன்று, இரண்டு வயதில் திருகி விழுந்தால் கெண்டைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் விடும். குழந்தை திடீரென்று காலை ஊன்ற மறுப்பது ஒன்றுதான் அடையாளம். ஐந்திலிருந்து ஏழு வயதில் முழங்கை. மேற்கை எலும்பு மூட்டுக்குச் சற்று மேலே தட்டையாகி மெலிந்திருக்கும். நீட்டிய கையை ஊன்றி விழுந்தால் சரியாக அந்த இடத்தில் முறியும். பத்து வயதுக்கு மேல், உயரம் சட்டென்று கூடும் பருவத்தில், முன்கையும் மணிக்கட்டும். எலும்பு நீளும் வேகத்துக்கு அதில் சுண்ணாம்புச் சத்து சேர்வதில்லை. அதனால் இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகள் எலும்பு நீண்டும் மென்மையாகவும் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் முன்னதாகவே வந்துவிடும். பையன்களுக்கு இரண்டு ஆண்டுகள் தள்ளி வரும்.

சைக்கிளும் பைக்கும் தருவது வேறு வகைக் காயம். பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் குதிகால் ஆரக்கம்பிக்குள் நுழைந்தால் தோல் உரிவதோடு நிற்காது. கணுக்கால் வளர்தட்டும் நசுங்கலாம். பைக்கில் நான்கு வயதுக்குள்ளான குழந்தையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி 15 முதல் விதி இருக்கிறது. டேங்க் மேல் ஒன்று, நடுவில் ஒன்று என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகளுக்கு இன்னும் அந்தச் செய்தி எட்டவில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை வெடிக்காத வெடிகளைப் பொறுக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகளுக்கு வருவது இன்னொரு வகை. கைக்குள் வெடித்தால் விரல் எலும்புகளோடு நரம்பும் போகும்.

எண்ணிய ஊர்

சுவீடனின் மால்மோ நகரில் 1950 முதல் 1979 வரை குழந்தைகளுக்கு ஏற்பட்ட 8,682 முறிவுகளை லென்னார்ட் லாண்டின் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார். பதினாறு வயதுக்குள் ஒருமுறையேனும் எலும்பு முறியும் வாய்ப்பு பையன்களுக்கு நூற்றுக்கு 42, பெண் பிள்ளைகளுக்கு 27 என்று கண்டார். அந்த முப்பது ஆண்டுகளில் முறிவுகள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. குழந்தை எலும்பு முறிவு பற்றிப் பேசுபவர்கள் இன்றும் இந்த எண்களை எடுத்துக்காட்டுகிறார்கள்.

பையன்களின் எலும்பு நொய்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. அவர்கள் உயரத்தில் ஏறுகிறார்கள், வேகமாக ஓடுகிறார்கள், அதிக நேரம் வெளியே இருக்கிறார்கள். நம் ஊர்களில் பத்து வயதுப் பெண் பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ளும் வேலையும், குடத்தோடு குழாயடிக்குப் போகும் வேலையும் காத்திருக்கின்றன. அவள் கை முறியாமல் இருப்பதைப் பாதுகாப்பு என்று கொண்டாடுவதற்கில்லை. குதித்து ஓடி விளையாடும் பிள்ளையின் எலும்புதான் உறுதியாக வளர்கிறது. விளையாட்டைத் தடுத்து முறிவைக் குறைப்பது, மழை பெய்யாததால் கூரை ஒழுகவில்லை என்று மகிழ்வது போன்றது. மழைக்கு ஏங்கிக் கிடக்கும் கரிசல்காட்டுக்காரர்களிடம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மீட்டோம், பிறகு?

விளையாட்டைப் பற்றிப் பேச இந்த மண்ணுக்குத் தனிக் காரணம் உண்டு. பிள்ளைகள் விளையாடாத காலம் ஒன்று இங்கே இருந்தது. விடியும் முன்பே ஊர் ஊராக வந்த ஆலை வண்டிகள் தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போயின. 1983இல் ஸ்மிது கோத்தாரி அதை ஆங்கில வார இதழொன்றில் எழுதினார். 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அதைத் திரையில் காட்டியது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985 இறுதிக் கணக்குப்படி சிவகாசியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள் இருந்தார்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்று அதில் பதிவாகியிருக்கிறது. பதிவேட்டுக்கு வெளியே இருந்தவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்திய ஒவ்வொரு முதலாளியும் தலைக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

அதன் பின் நடந்தது சிறிய மாற்றம் அல்ல. பள்ளிக்கூடங்கள் நிறைந்தன. ஆலை வண்டியில் ஏறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் புத்தகப் பையோடு நடக்கிறார்கள். ஆனால், பிள்ளையை ஆலையிலிருந்து மீட்டபோது மாலை நேரமும் சேர்ந்து மீண்டது. அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குத் தீர்ப்பிலும் விடை இல்லை. ஊராட்சித் திட்டங்களிலும் இல்லை. அம்மாவின் வேலை நேரம் அப்படியே இருக்கிறது. காலையில் போனால் பொழுது சாயத்தான் வருகிறார். வீடுகள் நெருங்கிவிட்டன, களத்துமேடு மனையாகிவிட்டது, காலி இடம் குடோனாகிவிட்டது. மிச்சமிருப்பவை லாரி போகும் தெரு, மொட்டைமாடி, கம்மாய்க்கரை மரம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துச் செங்கல்போல இறுகிக் கிடக்கும் கரிசல் தரைமீதுதான் விழ வேண்டும். விழும் உயரமும் விழும் தரையும் சேர்ந்துதான் முறிவைத் தீர்மானிக்கின்றன என்பது விளையாட்டுத் திடல் அமைப்பவர்களுக்குத் தெரிந்த பாலபாடம். சறுக்குமரத்தடியில் ஒரு முழம் ஆற்று மணல் கொட்டுவதா, சிமெண்டுத் தளம் போடுவதா என்ற முடிவில் பிள்ளைகளின் மணிக்கட்டு இருக்கிறது.

சோறும் இதில் சேரும். தீட்டிய அரிசியில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துகூடத் தேறாது. கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்த மண்ணில் அவை இப்போது 'ஹெல்த் மிக்ஸ்' பாக்கெட்டுக்குள் போய்விட்டன. சத்துணவு முட்டையும் காலை உணவும் இருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகாமல் இருக்கிறது.

தப்பையும் தசையும்

பிள்ளை விழுந்த அடுத்த சில மணி நேரம் விழுந்ததைவிட முக்கியமானது. வாரச் சம்பளத்தை நம்பியிருக்கும் அம்மாவுக்கு, இரவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுநாள் வேலை போகும் என்ற கவலை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் பக்கத்திலேயே இருப்பார். உளுந்த மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டி, மூன்று கட்டில் சரியாகும் என்பார். அவரிடம் போவதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. செலவும் தூரமும் நம்பிக்கையும் சேர்ந்த ஒரு கணக்கு அது.

அவருக்குப் பேரும் இருக்கிறது. காரணம் எளியது: பிள்ளைகளின் எலும்பு தானாகவே கூடும். பிறந்த குழந்தையின் தொடை எலும்பு மூன்று வாரத்தில் கூடிவிடும். பெரியவருக்கு மூன்று மாதம் ஆகும். முன்கையில் கொஞ்சம் வளைவாகக் கூடினாலும், வளரும்போது எலும்பு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். வேலையைச் செய்வது பிள்ளையின் உடம்பு. பேர் கட்டுக்குப் போகிறது.

முழங்கையில் மட்டும் இந்தக் கணக்குப் பொய்க்கும். மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கு தோள் பக்கம் நடக்கிறது. முழங்கைப் பக்கம் ஒரு பங்குதான். அங்கே கோணலாகக் கூடியது கோணலாகவே நிற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அந்த முறிவுக்கு முன்னால் ஓடுவது. உள்ளே வீக்கம் ஏறும்போது வெளியே இறுகக் கட்டினால் தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரம் போல அப்படி இருந்தால் தசை மீளாமல் செத்துவிடும். பிறகு விரல்கள் மடங்கி, கை கொக்கிபோல் சுருங்கிப்போகும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன் 1881இலேயே இதை விவரித்துவிட்டார். ஆகவே, நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரிய குறையாக இதைச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு இறுகினாலும் இதேதான் நடக்கும்.

கட்டிய பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிடும்போது பிள்ளை அலறினால், விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. யார் போட்ட கட்டானாலும் அவிழ்த்தாக வேண்டும். இந்த மூன்று வரியை ஒவ்வொரு அம்மாவும், கட்டுப் போடும் வைத்தியர்களும் தெரிந்து வைத்திருந்தால் பல கைகள் தப்பும். வைத்தியர்களைத் திட்டித் தூர நிறுத்துவதைவிட, முழங்கை என்றால் தொடாமல் 108க்குச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டுப் பழக்குவது பயன் தரும். சிவகாசியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் இருந்த தூரம் இப்போது இல்லை.

விழாமலே முறிந்தவை

எல்லா முறிவும் மரத்திலிருந்து வருவதில்லை. இன்னும் நடக்காத குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தால், 'தொட்டில் சேலையிலிருந்து விழுந்தது' என்ற விளக்கத்தோடு மருத்துவர் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி 1946இல், குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் காரணம் சொல்லப்படாத பல முறிவுகளைக் கண்டு எழுதினார். 1962இல் ஹென்றி கெம்பியும் உடன் பணியாற்றியவர்களும் 'அடிபட்ட குழந்தை' என்று அதற்குப் பெயர் சூட்டிய பிறகுதான், வீட்டுக்குள் நடக்கும் அடியை மருத்துவ உலகம் நேருக்கு நேர் பார்த்தது. குடித்துவிட்டு வரும் கை எந்த ஊரிலும் உண்டு. அதே நேரம், எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோயும், வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மையும் உண்டு. எந்தக் குடும்பத்தையும் அவசரமாகக் குற்றவாளியாக்காமல், எந்தக் குழந்தையையும் கேட்காமல் விட்டுவிடாமல் விசாரிக்க, கேள்வி கேட்கப் பழகிய மருத்துவர் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் இருக்க வேண்டும்.

நான்கு கட்டம்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அடுக்குமாடி ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் நகரச் சுகாதாரத் துறை 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. விழுந்த ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் மருத்துவமனை தகவல் தர வேண்டும், செவிலியர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், ஜன்னலுக்கு இலவசக் கம்பி தர வேண்டும் என்பதுதான் திட்டம். இரண்டு ஆண்டுகளில் விழுவது பாதியாகக் குறைந்தது. 1976இல் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஜன்னல் கம்பி போடுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமையாயிற்று. அவர்கள் அம்மாக்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எந்த வீடு, எந்த ஜன்னல் என்று குறித்தார்கள்.

நம் மாவட்டத்தில் வெடி விபத்து நடந்தால் ஆலையின் பெயர், அறை எண், இருந்த மருந்தின் எடை வரை பதிவாகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்துக்குப் பிறகு எத்தனை ஆய்வுகள்! கை முறிந்து வரும் பிள்ளைக்கோ 'கீழே விழுந்ததால்' என்ற ஒரு சொல்லோடு சீட்டு முடிந்துவிடுகிறது. அந்தச் சீட்டில் நான்கு கட்டம் சேர்த்தால் போதும்: வயது, மணி, விழுந்த இடம், விழுந்த தரை. ஓராண்டில் எந்தத் தெருவின் மொட்டைமாடிக்குச் சுவர் வேண்டும், எந்தத் திடலில் மணல் வேண்டும் என்று நாரணாபுரம் போன்ற ஊராட்சிக்குத் தானே தெரிந்துவிடும். அரசு கட்டித் தரும் வீடுகளில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம்.

மணிக்கான விடையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், மாலையில் தெருவுக்கு ஒரு தன்னார்வலரை உட்காரவைத்துப் பிள்ளைகளைக் கூட்ட முடியும் என்று காட்டியது. படிப்புக்கு முடிந்தது விளையாட்டுக்கும் முடியும். பள்ளி மைதானத்தின் கதவை ஆலை வண்டி திரும்பும்வரை திறந்து வைத்து, அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கௌரவமான ஊதியம் கொடுத்து மேற்பார்வை பார்க்கச் சொல்லலாம். அந்த ஊதியத்தில் ஒரு பங்கை ஆலைகள் தரட்டும். 1996 தீர்ப்பு முதலாளிகளிடம் கேட்டது, பிள்ளைகளை வேலைக்கு வைத்ததற்கான தொகை. இது, அவர்களுடைய அம்மாக்களை வேலைக்கு வைத்திருப்பதற்கான தொகை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கை முறிந்ததுபோல் தெரிந்தால் நீவாதீர்கள், இழுக்காதீர்கள். இருக்கிற நிலையிலேயே ஒரு கெட்டி அட்டையைத் தாங்கலாக வைத்து, துண்டால் தளர்வாகக் கட்டி, வண்டி ஏற்றுங்கள். அட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைக் கழற்றி, மிச்சத் தாள்களைப் பிய்த்தெடுத்தால் பிள்ளையின் முன்கைக்கு அளவாக இருக்கும். நேரம் பார்க்காமல் கிளம்புவதற்கும் அது வசதி.